முடிச்சுக்குள்

குப்பைமேட்டுக்குப் போனதெல்லாம் மக்கிவிடும் என்று நம்புகிறோம். தெருமுனையில் கிடந்தால்தான் அசிங்கம். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். இதைத் தோண்டிப் பார்த்தே சோதித்தவர் ஒரு தொல்லியல் பேராசிரியர். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ராத்ஜே, மாயா நாகரிகத்தைப் படித்தவர். 1973இல் தன் காலத்து மனிதர்களின் குப்பையையும் அதே முறையில் படிக்கத் தொடங்கினார். 1980களின் கடைசியில் பெரிய குப்பைமேடுகளில் துளைபோட்டு, அடுக்கடுக்காக உள்ளே இருப்பதை வெளியே எடுத்தார். நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் மேடும் அவற்றில் ஒன்று.

பல ஆண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் அப்படியே வாசிக்கக் கிடைத்தன. தாளில் இருந்த தேதியை வைத்துத்தான் அந்தந்த அடுக்கின் வயதையே கணக்கிட்டார்கள். பக்கத்திலேயே, இன்னதென்று அடையாளம் சொல்லும்படி இறைச்சித் துண்டுகள், காய்கறிகள். பிளாஸ்டிக் அப்படியே இருந்ததில் யாருக்கும் வியப்பில்லை. காகிதமும் கறியும் கீரையும் ஏன் மிஞ்சின என்பதுதான் கேள்வி.

தொல்லியலாளருக்கு மக்காமல் கிடப்பது வரம். மற்றவர்களுக்கு என்ன என்பதை இந்தக் குறிப்பேட்டில் அவ்வப்போது எழுதிப் பார்க்கிறேன்.

*

மக்குவது தானாக நடப்பதில்லை. யாரோ தின்கிறார்கள்.

தின்பவருக்கு வேண்டியவை சில. ஈரம் வேண்டும், ஆனால் சொட்டும் அளவுக்கு அல்ல. காற்று வேண்டும். சாப்பாட்டில் கரியும் நைட்ரஜனும் ஓர் அளவில் கலந்திருக்க வேண்டும்: 1 பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 30 பங்கு கரி. காய்ந்த சருகு, வைக்கோல், மரத்தூளில் கரி மிகுதி. காய்கறித் தோல், சாணம், மீன் கழிவில் நைட்ரஜன் மிகுதி. சமையலறைக் கழிவை மட்டும் வாளியில் கொட்டினால் அது கொழகொழத்து நாறுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஒரு கை கழிவுக்கு இரண்டு கை சருகு என்று போட்டால் நாற்றம் அடங்கிவிடும். உள்ளே காற்றுக்கும் வழி கிடைக்கும், கணக்கும் சரியாகும்.

எங்கள் மாடியில் துளை போட்ட பழைய பெயிண்ட் வாளிகள் இருக்கின்றன. வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை நாளில் நிறையும்?" நிறைவதில்லை. மேலே போட்டுக்கொண்டே இருக்கிறோம், அது கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. வாழைப்பழத் தோல் உரமாகிறது என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, அதன் பெரும்பகுதி உரமாவதில்லை. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, மூச்சாக வெளியே விட்டுவிடுகின்றன. கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் தோல் காற்றில் கலந்துவிடுகிறது. நாம் அள்ளும் கறுப்பு மண், அவை தின்ன முடியாமல் மிச்சம் வைத்ததும் அவற்றின் உடம்புகளும்.

காற்றிலிருந்து கரியை எடுத்துத்தான் வாழை தன்னைக் கட்டிக்கொண்டது. எடுத்த இடத்துக்கே திரும்பப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். இதைப் பள்ளிப் புத்தகத்தில் வட்டமும் அம்புக்குறியுமாகப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வாளி நிறையாமல் இருப்பதைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

*

தின்பவர்கள் ஒரே கூட்டமல்ல. முதலில் வருபவை சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்கிற பாக்டீரியாக்கள். அவை வேலை செய்யச் செய்யச் சூடு ஏறும். குவியல் போதிய அளவு பெரியதாக, ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமாவது இருந்தால் சூடு உள்ளேயே தங்கும். 40 டிகிரியைத் தாண்டியதும் முதல் கூட்டம் ஒதுங்கி, வெப்பம் விரும்பும் இன்னொரு கூட்டம் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். 55, 60 டிகிரி வரை போகும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அந்தச் சூட்டில் சாகும். 70ஐ நெருங்கினால் வேலைக்காரர்களே செத்துவிடுவார்கள், ஆகவே கிளறிவிட வேண்டும். என் வாளி அவ்வளவு சுடாது, சின்னது.

சூடு தணிந்த பிறகு வருபவை பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்களும். செல்லுலோஸ், லிக்னின் போன்ற கடினமான சரக்கு இவற்றின் பங்கு. மக்கிய குவியலைப் பிரித்தால் சாம்பல் தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிவது இவைதான். முதல் மழையில் எழும் மண்வாசனையும் இந்தக் கூட்டத்தின் வேலை: ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இனம் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலும் நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அழுகல் வேலை ஒழுங்காக முடிந்தது என்பதற்கு மூக்கு தரும் சான்றிதழ் அது.

இதே இனத்தின் ஒரு வகையிலிருந்துதான் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாட்டிக். அமெரிக்காவின் ரட்கர்ஸில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், அதைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். நோபல் பரிசு 1952இல் வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. குப்பைக்குள் கூட்டமாக வேலை செய்யும் உயிர்களைப் படித்தவர்களிடையே இந்தத் தகராறு.

*

புழுவைப் பார்த்ததும் பாதிப் பேர் வாளியைக் கைவிட்டுவிடுகிறார்கள். தட்டையாக, பழுப்பாக, கூட்டமாக நெளியும். இவற்றின் தாய் கறுப்பாக, பார்வைக்குக் குளவியோ என்று பயமுறுத்தும் ஓர் ஈ. கொட்டாது, நம் சாப்பாட்டில் வந்து உட்காரும் பழக்கமும் கிடையாது. இந்தப் புழு இருக்கும் வாளியில் வீட்டு ஈ குறைந்துவிடும். கீழ்வீட்டு மாமியிடம் இதை விளக்கி முடித்தேன். "எல்லாம் சரி, எனக்கு வேண்டாம்" என்றார். அதுவும் நியாயம்தான். அழுகலை அருவருப்பது நம்மை நோயிலிருந்து காப்பாற்றிய பழைய குணம்.

மண்புழுவுக்கு இந்த அவமானம் இல்லை. சென்னையில் மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் போன்றவர்கள் பல ஆண்டுகள் பேசிப் பேசி, வெளிநாட்டுப் புழு வேண்டாம், நம் மண்ணின் புழுவே போதும் என்று அதற்கு ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

*

கிராமத்து எருக்குழியை அறிவியலாக எழுதிவைத்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். செடிக் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் என்று அடுக்கி, இடையிடையே கிளறி, மூன்று மாதத்தில் உரமாக்கும் முறை இந்தூர் முறை என்றே பெயர் பெற்றது. உழவர்களும் பூச்சிகளும்தான் தன் பேராசிரியர்கள் என்று சொன்னவர். நம் ஊர்களில் மாட்டுத்தொழுவக் கூளம், அடுப்புச் சாம்பல், வாசல் பெருக்கிய குப்பை எல்லாம் ஒரே குழிக்குப் போகும். கோடையில் வண்டியடித்து வயலில் கொட்டுவார்கள். குப்பை என்று அதைத்தான் சொன்னோம். அதில் தின்ன ஆளில்லாத பொருள் ஒன்றும் இருக்கவில்லை.

*

காலையில் குப்பை வாங்க வரும் பேட்டரி வண்டி அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எல்லாரும் பிரிச்சுக் குடுக்கிறாங்களாக்கா?"

"குடுக்கிறாங்க சார். பச்ச டப்பால ஒண்ணு, நீலத்துல ஒண்ணு. ஆனா எல்லாத்தையும் கவர்ல கட்டி, மேல ஒரு முடிச்சு போட்டுல்ல குடுக்கிறாங்க."

"அதனால என்ன?"

"நான்தானே அவுக்கணும். ரெண்டு நாள் கட்டி வெச்ச கவரை அவுத்துப் பாருங்க, தெரியும்."

அந்தக் கவருக்குள் நடப்பது இதுதான். மீந்த சாம்பார் சாதம், மீன் முள், தர்பூசணித் தோல். முதல் சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்றைக் காற்றுவிரும்பி நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். பிறகு காற்று வேண்டாத கூட்டத்தின் ஆட்சி. அவை தின்பதும் வேகம் குறைவு, முழுதாகத் தின்பதும் இல்லை. பாதியில் நிறுத்திய வேலையின் சரக்குகளை வெளியே தள்ளும்: புளித்த வெண்ணெயின் நாற்றமுள்ள பியூட்ரிக் அமிலம், அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, மீனிலிருந்து டிரைமெத்திலமைன். நாம் மூக்கைப் பொத்திக்கொள்வது மக்கலைக் கண்டு அல்ல, மக்க முடியாமல் திணறுவதைக் கண்டு.

கவர் கட்டுவது சுத்தத்துக்காகத்தான். நம் வீட்டுக்குச் சுத்தம். முடிச்சு அவிழ்வது எப்போதும் வேறு யாரோ ஒருவரின் கையில்.

*

குப்பைமேடு என்பது மலையளவு பெரிய முடிச்சுப் போட்ட கவர். மேலே மேலே கொட்டி, புல்டோசரால் அழுத்தி, உள்ளே காற்று போக வழியில்லாமல் செய்த இடம். ராத்ஜேயின் செய்தித்தாள் மிஞ்சியது இதனால்தான். காற்றும் ஈரமும் போகாத இடத்தில் காகிதம் பத்திரமாக இருக்கிறது. ஈரம் போகிற இடத்தில் காற்றில்லா நுண்ணுயிர்கள் பல ஆண்டுகளுக்கு மீத்தேனை உமிழ்ந்துகொண்டிருக்கின்றன. மேட்டிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. கோடையில் மேடு தீப்பிடிப்பதற்கும் அது ஒரு காரணம்.

இந்த மீத்தேனைச் செய்பவை பாக்டீரியாக்களே அல்ல. ஆர்க்கியா என்ற தனிக் குலம். மாட்டின் வயிற்றிலும் நெல்வயல் சேற்றிலும் இருப்பவை. காற்றில் ஆக்சிஜன் சேராத காலத்திலிருந்து வாழ்ந்து வருபவை. அவற்றின் பழைய உலகத்தை நகரத்துக்கு ஓரத்தில் திரும்பக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

சென்னை தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என்று இரண்டு மேடுகள். கொடுங்கையூர் சுமார் 250 ஏக்கர்; தோண்டத் தொடங்கும் முன் அங்கே 60 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பை சேர்ந்திருந்தது. பெருங்குடி மேடு நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். அந்தச் சதுப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் பூநாரை, மறு பக்கம் லாரி.

இரண்டு ஊர்களுக்கும் இன்னொரு பொருத்தம் உண்டு: நகரத்தின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இரண்டு இதே கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கின்றன. ஊர் எதை வேண்டாம் என்கிறதோ அதை இவர்கள் பக்கம் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடை மூடிய தொட்டிகளில் செரிக்கவிட்டு, வரும் மீத்தேனில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். அதே வகை உயிர்கள், அதே வாயு. மேட்டில் அது புகையாகப் போய் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இருமலாகிறது.

*

கொழும்பு மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14. தமிழ், சிங்களப் புத்தாண்டு நாள். வீடுகளுக்கு மேலே எழுந்து நின்ற குப்பைமேடு பிற்பகலில் சரிந்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பண்டிகைக்காக எல்லாரும் வீட்டில் இருந்த நேரம்.

குப்பை மண்ணல்ல. உள்ளே நீர் தேங்கும், வாயு முட்டும், அழுகும் பகுதி இறங்கும், அழுகாத பகுதி வழுக்கும். மக்கிக்கொண்டிருப்பது நகர்ந்துகொண்டிருக்கும் பொருள். மேட்டின் மேல் ஏறி நிற்பவர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம் வரைபடத்தில் தெரிவதில்லை.

*

கூவம் கறுப்பாக இருப்பதும் நுண்ணுயிரால்தான்.

ஆற்றில் சாக்கடை கலந்தால் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகும். அது நல்லதுதான், எந்த ஆறும் தன்னைச் சுத்தம் செய்துகொள்வது அப்படித்தான். ஆனால் தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 8 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஒரு லிட்டர் சாக்கடையைத் தின்று முடிக்க 200 மில்லிகிராம் வரை வேண்டியிருக்கும். அதாவது 1 லிட்டர் சாக்கடைக்கு 25 லிட்டர் நல்ல தண்ணீரின் மூச்சு முழுவதும். கூவத்தில் மழைக்காலம் தவிர நல்ல தண்ணீர் எங்கே?

ஆக்சிஜன் தீர்ந்ததும் மீன் சாகிறது. அதன் பிறகு சல்பேட்டை வைத்து மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் வருகின்றன. அவை ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது. அந்தக் கறுப்பு அழுக்கின் நிறமல்ல, அந்தச் சேர்மத்தின் நிறம். சாமி அறையில் வெள்ளி விளக்கைக் கறுக்கவைப்பதும் இதே வாயுதான்.

தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கும் முறை எனக்குப் பிடித்தது. அழுக்கை அளப்பதில்லை, நுண்ணுயிர்கள் அதைத் தின்ன எவ்வளவு மூச்சு வாங்குகின்றன என்று அளக்கிறார்கள். பிரிட்டனில் 1898இல் அமைந்த கழிவுநீர் ஆணையம் இதற்கு 5 நாள் என்று வைத்தது. அந்த நாட்டு ஆறுகள் எதுவும் கடலுக்குப் போய்ச் சேர 5 நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் அப்படி வைத்ததாகச் சொல்வார்கள். இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள் என்று மாற்றிக்கொண்டோம். வெயில் நாட்டு நுண்ணுயிர்களுக்குச் சுறுசுறுப்பு அதிகம்.

1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் ஒரு சின்னத் தந்திரம் செய்தார்கள். சாக்கடைக்குள் காற்றை ஊதினார்கள். அடியில் தங்கிய கசடை வீசாமல் அடுத்த சாக்கடைக்குள் திரும்ப விட்டார்கள். கசடு என்பது பழக்கப்பட்ட நுண்ணுயிர்க் கூட்டம். வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. இன்று உலகத்தின் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்கள் இதே முறையில் ஓடுகின்றன. காற்று ஊதுவதும் ஆளை வேலையில் வைத்துக்கொள்வதும்தான் மொத்த ரகசியம். காற்றை ஊதும் மோட்டாருக்கான மின்சாரக் கட்டணம்தான் பெரிய செலவு.

*

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகப் பிறந்தது. வேறு எதற்கோ எத்திலீனை அதிக அழுத்தத்தில் வைத்தவர்களுக்குக் குடுவையின் அடியில் மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருள் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கம்பிகளுக்கு உறையாயிற்று. தண்ணீர் புகாது, அழுகாது.

அந்த அழுகாமையைத்தான் நாம் விலைகொடுத்து வாங்கினோம். பால் கவர் செய்வது நுண்ணுயிரை வெளியே நிறுத்துவது. ரத்தம் சேமிக்கும் பையும் குழாயும் செய்வதும் அதுவே. நுண்ணுயிரை வெளியே நிறுத்தும் பொருளைக் கொண்டு, நுண்ணுயிர் தின்ன வேண்டிய சாப்பாட்டைக் கட்டி முடிச்சுப்போட்டு, பிறகு இரண்டும் மக்கட்டும் என்று காத்திருக்கிறோம்.

நுண்ணுயிர் ஏன் பாலித்தீனைத் தின்னாது? கரியும் கரியும் நேராகக் கைகோத்த நீண்ட சங்கிலி அது. என்சைம் வந்து பிடித்து உடைக்கச் சுலபமான இடம் அதில் இல்லை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் அப்படி இடம் உண்டு. ஜப்பானில் ஒசாகா அருகே சகாய் என்ற ஊரில், பாட்டில் மறுசுழற்சி ஆலைக்கு வெளியே எடுத்த படிவில் அதைத் தின்னும் பாக்டீரியா கிடைத்ததாக 2016இல் செய்தி வந்தது. இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். 30 டிகிரியில், மெல்லிய பெட் ஏட்டை ஆறு வாரத்தில் தின்றது. பத்திரிகைகள் பிளாஸ்டிக் பிரச்சினை தீர்ந்ததாகவே எழுதின. மெல்லிய ஏடு வேறு, கெட்டியான பாட்டில் வேறு; அதோடு பாட்டிலை ஏற்கெனவே பொறுக்கி எடுக்க ஆள் இருக்கிறார்கள், காயலான் கடையில் அதற்கு விலை இருக்கிறது.

விலையில்லாதது சாஷே. 1970களில் கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பையில் அடைத்து விற்றார். பணக்கார வீட்டுப் பொருள் எல்லார் வீட்டு முற்றத்துக்கும் வந்தது. இதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. முழு பாட்டில் வாங்கக் காசில்லாதவர்கள் தலைக்குக் குளிப்பதில் என்ன தவறு? ஆனால் இன்று நாம் கிழித்துப் போடும் பல பைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் இன்னொரு பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றையும் உருக்கலாம். ஒட்டியபிறகு எதையும் முடியாது. குப்பை பொறுக்குபவர் அதன் மேல் கை வைப்பதில்லை. அலுமினியத் தட்டு, இரும்பு, பாட்டில் என்று அவர் எடுத்தது போக மிச்சம்தான் மேடு.

மக்கும் பிளாஸ்டிக் என்று அச்சிட்ட கரண்டிகளும் வந்துவிட்டன. சோளத்திலிருந்து செய்த பிஎல்ஏ வகை மக்கத்தான் செய்யும், 55, 60 டிகிரிச் சூடு தொடர்ந்து இருக்கும் பெரிய உரக்கூடத்தில். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கிடந்தால் அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்.

*

பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளுக்கு வெளியே தென்னைநார்க் கழிவு குன்றுகளாகக் கிடந்த காலம் உண்டு. இயற்கைப் பொருள்தான், ஆனாலும் மக்காது. லிக்னின் அதிகம், நைட்ரஜனோ மிகக் குறைவு. 1 பங்குக்கு 100 பங்குக்கு மேல் கரி. மழையில் அதிலிருந்து கசியும் பழுப்பு நீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தையும் கொஞ்சம் யூரியாவையும் அடுக்கிடையே தூவி அதை எருவாக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தது. லிக்னினை உடைக்கத் தெரிந்த உயிர்கள் மிகச் சில. வெள்ளை அழுகல் பூஞ்சைகள் அவற்றில் முதன்மையானவை.

இந்தப் பூஞ்சைகள் பிறக்காத காலத்தில் விழுந்த மரங்கள் அழுகாமல் புதைந்ததால்தான் நிலக்கரி அவ்வளவு உண்டாயிற்று என்று ஒரு கருத்து உண்டு. சதுப்பும் நிலம் தாழ்ந்ததுமே காரணம் என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், அன்று மக்காமல் போனதைத்தான் இன்று அனல்மின் நிலையத்தில் எரிக்கிறோம்.

*

இட்லி மாவு பொங்குவதும் அழுகலின் உறவுதான். உளுந்தோடு வரும் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா புளிக்கவைத்து வாயுவை விடுகிறது. பழையது, மோர், ஊறுகாய், கருவாடு என்று நம் சமையலில் பாதி, எந்த நுண்ணுயிரை உள்ளே விடுவது, எதை உப்பாலோ புளிப்பாலோ வெயிலாலோ வெளியே நிறுத்துவது என்ற கணக்கு. மாவு எப்போது புளித்தது, எப்போது கெட்டது என்பதை அம்மா மூக்கால் தீர்ப்புச் சொல்வாள். மேல்முறையீடு கிடையாது.

*

ஓலைச்சுவடிக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள். பூச்சி, பூஞ்சை, ஈரம். அதனால் நம் முன்னோர் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள்; யாராவது ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் நூல் போயிற்று. சிதைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது அவருக்கு எதிரி வேறு யாருமல்ல, நாம் வாளிக்குள் வாழ்த்தி வளர்க்கிற இதே உயிர்கள். அவை தின்னாமல் விட்டதில் நம் இலக்கியம் கிடைத்தது. பிற்காலத்தில் யாராவது பெருங்குடியைத் தோண்டினால் அவை தின்னாமல் விட்டதிலிருந்து நம்மைப் படிப்பார்கள். பாட்டு எதுவும் இருக்காது, பான்பராக் உறை நிறைய இருக்கும்.

*

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கிறார்கள். பயோமைனிங் என்கிறார்கள். சுழலும் பெரிய சல்லடையில் மேலே நிற்பது துணி, கவர், செருப்பு, டயர். எரியக்கூடியதைப் பொதியாக்கிச் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். கல், கட்டட இடிபாடு ஒரு பக்கம். கீழே விழுவது கறுப்பாகப் பொடிந்த மண். அத்தனை ஆண்டுகள் திணறித் திணறி நுண்ணுயிர்கள் செய்து முடித்த வேலை.

பார்த்தால் உரம் என்றே தோன்றும். செடிக்குப் போடலாமா என்று மாடித்தோட்டக்காரர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கழிவில் கலந்து கிடந்த பேட்டரி, டியூப்லைட், பெயிண்ட், உடைந்த போன் எல்லாவற்றிலிருந்தும் ஈயமும் காட்மியமும் குரோமியமும் பாதரசமும் அந்த மண்ணில் இறங்கியிருக்கும். நுண்ணுயிரால் ஒரு மூலக்கூறை உடைக்க முடியும். தனிமத்தை உடைக்க முடியாது. ஈயத்தை எத்தனை வாய்கள் தின்று வெளியேற்றினாலும் வெளியே வருவது ஈயம். பாதரசத்தில் இன்னும் மோசம்: சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் பாதரசமாக்கி, மீன் வழியே நம் தட்டுக்கு அனுப்பிவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் மக்களை முடக்கியது அந்தச் சேர்மம்தான். அங்கே ஆலையே அதைக் கடலில் விட்டது. ஆகவே சலித்த மண்ணைச் சோதித்துப் பார்த்துப் பள்ளம் நிரப்பத்தான் பயன்படுத்த வேண்டும், வயலுக்கு அல்ல.

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் பழைய பேட்டரிக்கும் டியூப்லைட்டுக்கும் மட்டும் தனியாக ஒரு பெட்டி வைக்கலாமா என்று கேட்டேன். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எங்கே வைப்பது என்பதில் பேச்சு நிற்கிறது. லிஃப்ட் பக்கத்தில் வேண்டாமாம், வாட்ச்மேன் அறையிலும் வேண்டாமாம். செயலாளர் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அதுவரை என் வீட்டுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் சேர்த்து வைக்கிறேன். மூன்றாம் மாடிப் பையன் நேற்று ரிமோட் பேட்டரி நான்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.